உழைப்பு விட்டுச்சென்ற இடம்

இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர், உடல்நலம் காக்கத் தேவையான அளவுக்கு உடலை இயக்குவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இது. 2000-ஆம் ஆண்டில் இந்தப் பங்கு 22 விழுக்காடாக இருந்தது. 2022-இல் 49 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 57 பேர். ஒரு தலைமுறை வளர்ந்து முடிவதற்குள் ஒரு பெரிய நாட்டின் அன்றாட வாழ்க்கையே இப்படி மாறிப்போயிருக்கிறது.

இதனை மக்களின் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. அந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, நிறுவனப் பேருந்தில் ஏறி, நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து அமர்ந்திருந்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்பும் திருப்பூர்ப் பெண்ணை யாரால் சோம்பேறி என்று சொல்ல முடியும்? அவள் களைத்துப்போகிறாள். ஆயினும் அவளுடைய இதயமும் நுரையீரலும் தொடைத் தசைகளும் தமக்குரிய வேலையைப் பெறவில்லை. முன்பெல்லாம் உடல் களைத்தது என்றால் உடல் இயங்கியது என்றே பொருள். இன்று மனமும் கண்ணும் முதுகும் களைக்கின்றன; உடல் இயங்காமலே நாள் கழிந்துவிடுகிறது.

இந்த மாற்றத்தின் விளைவை முதன்முதலில் கணக்கெடுத்து நிறுவ உதவியது லண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனின் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது பெருகிக்கொண்டே வந்தது. செய்யும் தொழிலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று ஐயுற்ற ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களின் பதிவேடுகளை ஆராயத் தொடங்கினார். அந்தப் பேருந்தின் ஓட்டுநர் முன்பக்கச் சிற்றறையில் தனியே அமர்ந்திருப்பார். வேலைநேரத்தின் பெரும்பகுதி இருக்கையிலேயே கழியும். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்கக் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்குமாக ஓயாமல் ஏறி இறங்குவார். நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை. இருவருக்கும் நிறுவனம் ஒன்று, வழித்தடம் ஒன்று, வாழ்க்கைத்தரமும் ஏறக்குறைய ஒன்று. பெரிய வேறுபாடு அந்தப் படிக்கட்டுதான்.

35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்களைப் பற்றிய அந்த ஆய்வின் முடிவு 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. நடத்துநர்களிடையே இதயநோய் குறைவாகக் காணப்பட்டது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதிலேயே வந்தது. நோய் தாக்கிய தொடக்கத்திலேயே உயிரிழப்பதும் அவர்களிடையே வெகுவாகக் குறைந்திருந்தது. அஞ்சல் துறையிலும் இதே நிலைதான். தெருத்தெருவாக நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்றவர்கள், மேசையில் அமர்ந்த எழுத்தர்களைவிட இதயநோயிலிருந்து காக்கப்பட்டிருந்தார்கள்.

பருத்த உடலினர் ஓட்டுநர் வேலையையும், மெலிந்தவர்கள் நடத்துநர் வேலையையும் தேடிச் சென்றிருக்கலாம் அல்லவா என்ற மறுப்பு எழக்கூடியதே. மாரிஸ் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. போக்குவரத்து நிறுவனம் தன் பணியாளர்களுக்குத் தைத்துக்கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, காற்சட்டைகளின் இடுப்பளவுகளை ஒப்பிட்டார். இளம் வயதிலிருந்தே ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது, ஐயம் வலுத்தது. எனவே மேலும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மெலிந்தவர், நடுத்தரத்தினர், பருத்தவர் என எந்த உடல்வாகினரை எடுத்துக்கொண்டாலும், திடீர் மரணம் நடத்துநர்களிடையே குறைவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தன் முடிவைத் தானே இவ்வளவு கடுமையாகச் சோதித்தவரின் சொல்லை எவரும் நம்பலாம். மாரிஸ் 2009-இல், தம் 99-ஆம் வயதில் மறைந்தார்.

அந்த நடத்துநர்களில் எவரும் உடற்பயிற்சி என்று எண்ணிப் படியேறியிருக்க மாட்டார். வேலை அவரை ஏற வைத்தது. மனித வரலாறு முழுவதும் உடலுக்குத் தேவையான இயக்கத்தை உழைப்பே தந்துவந்தது. அதற்கென்று தனி நேரமோ தனி இடமோ தேவைப்படவில்லை. இயந்திரம் வந்து அந்த உழைப்பில் பெரும்பங்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது நல்லதே. ஆனால் உழைப்பு விட்டுச்சென்ற இடத்தில் எதை வைப்பது என்று நம் சமுதாயம் இதுவரை முறையாக எண்ணிப்பார்க்கவில்லை. உடற்பயிற்சி என்பதை வசதி படைத்தவரின் பொழுதுபோக்காகவும், இளைஞரின் அழகு முயற்சியாகவும், மருத்துவர் அச்சுறுத்திய பின் தொடங்கும் தண்டனையாகவும் வைத்திருக்கிறோம். குடிநீரையும் பள்ளிக்கூடத்தையும் போல, அனைவருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டிய அடிப்படைத் தேவை அது என்பதே இத்தலையங்கத்தின் நிலைப்பாடு.

உடல் இந்தத் தேவையை எவ்வளவு விரைவாக உணர்த்துகிறது என்பதற்கு அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1966-இல் நடந்த ஓர் ஆய்வு சான்று. நல்ல உடல்நலம் கொண்ட, 20 வயதையொட்டிய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். கடும் முயற்சியின்போது உயிர்வளியைப் பயன்படுத்தும் அவர்களின் உச்ச ஆற்றல், அந்த மூன்றே வாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்துச் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை பறித்துக்கொண்டதைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம்! ஐம்பதாம் வயதில் அவர்கள் ஆறு மாதம் நடந்தும், மெல்லோட்டம் ஓடியும், மிதிவண்டி மிதித்தும் படிப்படியாகப் பயிற்சி செய்தபோது, முதுமையால் இழந்த அந்த ஆற்றலை மீட்டுக்கொண்டனர்.

உடற்பயிற்சியின் அடிப்படை அனைத்தும் இந்த ஓர் ஆய்வில் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகிறோம். உடல், தன்னிடம் கேட்கப்படும் வேலைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. தொடர்ந்து கேட்டால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகக் குருதியைச் செலுத்தப் பழகுகிறது. தசைக்குள் நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப இறுகுகிறது. கேட்பது நின்றால், வளர்ந்தவை சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகின்றன. கல்லூரி நாட்களில் கபடி ஆடியவர் என்பதற்காக நாற்பதாம் வயதில் இதயம் சலுகை காட்டாது. அதுபோலவே, அறுபதாம் வயதில் தொடங்கினார் என்பதற்காக அது பலனை மறுக்கவும் செய்யாது.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில் இன்று அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. மிதம் எது, கடுமை எது என்பதை அறியக் கருவி ஏதும் வேண்டாம். நடந்துகொண்டே உடன் வருபவரிடம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதம். சில சொற்களுக்கு மேல் பேசவே மூச்சு இடம்கொடாவிட்டால் அது கடுமை. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று பலரும் சொல்லும் கணக்கு, 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பரவியது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடிகளிலேயே பெரும்பயன் கிட்டிவிடுகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டுகின்றன. பத்தாயிரத்தை எட்ட முடியவில்லை என்று மனம் தளர்ந்து நடையையே கைவிடுவோர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் நடையோடு நின்றுவிடுவது நம்மவரிடையே ஆழ வேரூன்றிய குறை. உடற்பயிற்சி என்றாலே காலைநடை என்று நம் ஊர்களில் சுருங்கிவிட்டது. அதே உலக சுகாதார நிறுவனம், வாரத்தில் இரண்டு நாளாவது உடலின் பெருந்தசைகள் அனைத்துக்கும் வலிமைப் பயிற்சி வேண்டும் என்றும், முதியோருக்கு வாரத்தில் மூன்று நாள் உடற்சமநிலைப் பயிற்சியும் சேர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பாதியை நாம் காதில் வாங்கவே இல்லை.

அறுபது வயதைக் கடந்த ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கூர்ந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர்கிறார். இரு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிமேல் அழுத்துகிறார். உடலை ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டி, அந்த வேகத்தில் எழுகிறார்; எழுந்தபின் ஒரு கணம் நின்று தம்மை நிலைப்படுத்திக்கொண்டு அடியெடுத்து வைக்கிறார். தொடையும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலையைக் கைகள் செய்கின்றன. குடும்பத்தார் இதை வயது என்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் அவர் தரையில் அமர்வதை விட்டுவிடுவார். பிறகு கழிப்பறைக்குத் துணை தேடுவார். ஒரு நாள் ஈரத் தரையில் கால் வழுக்கும்போது உடலைத் தாங்கிப் பிடிக்கத் தசை இருக்காது. தசை தேய்வதில் வயதுக்குப் பங்குண்டு. அதனோடு ஒரு பெரிய பங்கு, அந்தத் தசைகளிடம் பல ஆண்டுகளாக எவரும் வேலை கேட்கவில்லை என்பதற்கு உண்டு.

வயது தடையில்லை என்பதற்கு 1990-இல் பாஸ்டன் நகரிலிருந்து வந்த சான்றைவிட உறுதியானது இருக்க முடியாது. முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான, உடல் மெலிந்து தளர்ந்த பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி அளித்தார். பெயரளவுக்கு அளித்த இலேசான எடை அன்று. அவரவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் பெரும்பகுதி. முடித்த ஒன்பது பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஊன்றுகோலின்றி நடக்கத் தொடங்கியோர் அவர்களில் இருவர். தொண்ணூறு வயதில் கூடுவது, ஐம்பது வயதில் கூடாமலா போகும்?

தமிழ் மண்ணுக்கு இது புதிய செய்தியும் அன்று. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் உடற்பயிற்சிச் சாலைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவை. பஸ்கி எடுப்பவன் தன் உடலின் எடையையே பாரமாக்கித் தொடையை வளர்க்கிறான். அந்த இயக்கத்தின் மென்மையான வடிவம்தான் நாற்காலியில் அமர்ந்து கைகளை ஊன்றாமல் எழுவது. முதல் வாரத்தில் ஐந்து முறை, பழகப் பழகப் பத்து, பிறகு பதினைந்து. தண்டால் எடுக்க இயலாதவர் சுவரில் கைகளை ஊன்றி, உடலைச் சுவரை நோக்கிச் சாய்த்து மீளத் தள்ளலாம். குதிகால்களை உயர்த்தி நுனிக்காலில் நிற்கலாம். சுவரருகே நின்று ஒற்றைக்காலில் எண்ணிக்கொண்டிருக்கலாம்; விழப்போனால் பிடிமானம் கைக்கெட்டும் தொலைவில் உண்டு. எளிதாகிவிட்டது என்று தோன்றும் நாளில் சற்றே கூட்ட வேண்டும். ஒரே அளவில் ஆண்டுக்கணக்கில் நின்றால் உடலும் அங்கேயே நின்றுவிடும். பயிற்சி செய்த தசைக்கு ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். அது வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்வோர் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் உருவம் மாற வேண்டும் என்ற அவசரத்தில் ஊக்க மருந்துகளைக் கேட்டு வாங்கி ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களின் பெற்றோர், அது இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும் நஞ்சு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலிமைப் பயிற்சியை நாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்று 2023-இல் மதிப்பிட்டது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்போர் மேலும் 13.6 கோடிப் பேர். தெற்காசியருக்குப் பொதுவாகத் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம்; பார்வைக்கு ஒல்லியாக இருப்பவரும் நீரிழிவுக்கு ஆளாவதற்கு இதுவும் ஒரு காரணம். உண்ட உணவின் சர்க்கரையில் பெரும்பங்கைக் குருதியிலிருந்து வாங்கிச் சேர்த்துக்கொள்வது தசையே. வேலை செய்யும் தசை, இன்சுலினின் துணை இல்லாமலும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்த நற்பயன் பயிற்சி முடிந்த பின்னும் ஓரிரு நாள் நீடிக்கிறது. தசை குறைந்தும் அசையாமலும் இருந்தால் சர்க்கரை போகுமிடமின்றிக் குருதியிலேயே தங்குகிறது.

இதனை நமக்குச் சொல்ல வெளிநாட்டார் வர வேண்டியதில்லை. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வு உலகெங்கும் மதிக்கப்படுவது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினரில் நூற்றுக்கு 55 பேர் மூன்று ஆண்டுகளில் நீரிழிவாளர் ஆயினர். உணவு முறையைத் திருத்திக்கொண்டு நாளுக்கு அரை மணி நேரமாவது விரைந்து நடந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்ததும் ஏறக்குறைய அதே அளவு பாதுகாப்பைத்தான். அந்த ஆய்வில் இன்னொன்றும் கருதத்தக்கது. ஏற்கெனவே உடலுழைப்புச் செய்வோரிடமும், அன்றாடம் அரை மணிக்கு மேல் நடப்போரிடமும் மிதிவண்டியில் செல்வோரிடமும் கூடுதலாக எதையும் செய்யச் சொல்லவில்லை; இருப்பதைத் தொடரச் சொன்னார்கள்.

அந்த நிதானம் நமக்கும் வேண்டும். சாரத்தில் செங்கல் சுமந்து ஏறும் கட்டடத் தொழிலாளிக்கு உடற்பயிற்சி பற்றி அறிவுரை சொல்வது கொடுமை. நாள் முழுதும் ஓய்வின்றிப் பாரம் தூக்குவது உடலைத் தேய்க்கும். அவருக்குத் தேவை ஓய்வும் நல்லுணவும் நியாயமான கூலியும். நாம் பேசுவது, உழைப்பு விலகிப்போன பெரும்பான்மையைப் பற்றி.

வீட்டுப் பெண்களின் நிலை இதில் தனித்துப் பேசப்பட வேண்டியது. கிணற்றில் நீர் இறைத்தும், உரலில் நெல் குத்தியும், ஆட்டுக்கல்லில் மாவரைத்தும் வந்த தோள்களும் முதுகும் வலுவாக இருந்தன என்று பழம்பெருமை பேசுவோர், அந்த வேலைகள் பெண்களின் வாழ்நாளை எப்படி விழுங்கின என்பதைப் பேசுவதில்லை. அவை ஒழிந்தது விடுதலை. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று விரும்புவது பெண்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் ஆட்டுக்கல் போன பின் மிச்சமான அந்த நேரம் அவள் கைக்கு வரவில்லை. வேறு வேலைகள் அதை நிரப்பிக்கொண்டன. காலைநடைக்குப் பூங்காவுக்குச் செல்லும் கணவருக்குத் திரும்பியதும் காப்பி தயாராக இருக்க வேண்டும் என்ற வழக்கத்தில், அவளுடைய நடை அடுப்படிக்குள் முடிந்துபோகிறது. நூற்றுக்கு 57 என்ற கணக்கின் பின்னே இருப்பது இதுதான். வாரத்தில் சில மணி நேரத்தை வீட்டுப் பெண்ணுக்கு விட்டுத்தருவது ஆண்களின் கையில் இருக்கிறது. அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

அரசாணை தேவைப்படும் இடங்களும் உண்டு. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பது உலகம் ஏற்ற அளவு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே எழுதிவைத்திருக்கிறது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி எனப் போற்றப்படும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கியது இதே சென்னையில்தான். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும், தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளை கணிதத்துக்கும் அறிவியலுக்கும் தாரைவார்க்கப்படுகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அந்தப் பாடவேளை கால அட்டவணையில் மட்டுமே வாழ்கிறது. உடற்கல்வி ஆசிரியரை விழா ஏற்பாட்டுக்கும் ஒழுங்கு காப்பதற்கும் மட்டும் பயன்படுத்தும் வழக்கம் நிற்க வேண்டும். அந்தப் பாடவேளையை எந்தக் காரணத்துக்காகவும் பிற பாடத்துக்கு மாற்றக் கூடாது என்பதைப் பள்ளிக் கல்வித் துறை கண்டிப்பான விதியாக்க வேண்டும்.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. வரவேற்கத்தக்க தொடக்கம். எனினும் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது போதாது. வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, கடைத்தெரு வரை, பள்ளி வரை அச்சமின்றி நடக்க இயலும் நடைமேடை வேண்டும். உடைந்த கல்லும் திறந்த சாக்கடையும் நிறுத்திய வண்டிகளும் அடைத்துக்கொண்ட நடைமேடையில் முதியவர் நடக்கமாட்டார். வெளிச்சமில்லாத தெருவில் பெண் நடக்கமாட்டாள்.

இவற்றுக்கெல்லாம் காலமும் பணமும் ஆகும். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நீரிழிவுக்கும் உயர் குருதி அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிச் சென்று கொடுத்துவருகிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் அத்திட்டத்தில் இருக்கிறார்கள். மாத்திரை கொடுக்க வரும் அதே தன்னார்வலருக்கு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சுவரைத் தள்ளுவது, ஒற்றைக்காலில் நிற்பது ஆகிய எளிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர்கள் கற்றுத்தர வேண்டும். அவர் அதை வீட்டிலுள்ளோருக்குச் செய்துகாட்டி, எத்தனை முறை எழ முடிகிறது என்பதை மருந்துக் கணக்கோடு அதே ஏட்டில் குறித்துவைக்க வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.